அத்தியாயம் 9: பாங்கு நேரத்து விரல்

"கேஸ் முடிஞ்சுதும்மா. நீங்க கிளம்பலாம்."

பஷீர் அகமது இதைச் சொல்லும்போது கடையின் கண்ணாடிக் கதவைப் பாதிதான் திறந்திருந்தார். உள்ளே வராதே என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல வேண்டுமென்றால் போர்டுதான் மாட்ட வேண்டும்.

ஹஃப்ஸா அந்தப் பாதிக் கதவில் முழுசாக நுழைந்தாள். திருச்சியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிற பெண்ணை வாசலோடு அனுப்பப் பார்ப்பது ஊர் வழக்கம். அதற்கு இடம் கொடுக்காதது அவள் வழக்கம். பின்னாலேயே அவளுடைய உதவியாளன் பிச்சை, ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தான்.

"முடிச்சது யாரு மேடம், நாமளா? சொல்லியிருந்தா ஒரு கிலோ அல்வாவோட வந்திருப்பேனே."

"வாயை மூடு பிச்சை."

"மூடிட்டேன். காது திறந்துதான் இருக்கு."

பாலக்கரையில் 'பஷீர் அண்டு சன்' என்றால் கல்யாண வீடியோ. வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுச் சேர்ப்பது எல்லாம் இந்த ஒரே அறையில்தான். போன வாரம் இதே பஷீர்தான் ஹஃப்ஸாவின் அலுவலகத்துக்கு வேர்க்க விறுவிறுக்க வந்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் இங்கே எடிட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேதி, மண்டபம், ஆசை எல்லாம் பேசிவிட்டுப் போகிறார்கள். மறுநாளே ஸ்ரீரங்கத்து அழகிரி டிஜிட்டலில் இருந்து அவர்களுக்குப் போன் போகிறது. ஆர்டர் கைமாறிவிடுகிறது. உள்ளேயிருந்து யாரோ சொல்கிறார்கள், யார் என்று கண்டுபிடியுங்கள் என்றார். இன்று அவரே கண்டுபிடித்துவிட்டாராம்.

"இவதான்," என்று மேஜையைக் காட்டினார்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் வைஷ்ணவி உட்கார்ந்திருந்தாள். வையம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற எடிட்டர். அழுது முடித்து, அடுத்த அழுகைக்குக் காத்திருக்கிற முகம்.

"ஆர்டரை வித்தது இவதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் ஹஃப்ஸா.

"வித்தாளோ இல்லையோ. பாங்கு சொல்லும்போது பாட்டு போடுறவ எதையும் செய்வா."

இதைச் சொன்னது பஷீரின் மகன் தாஹா. போர்டில் இருக்கிற 'சன்' இவன்தான். கையில் போன், முகத்தில் தீர்ப்பு.

கடைக்கு அடுத்த சந்தில் பள்ளிவாசல். கடை திறந்த நாள் முதல் பஷீர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஆரம்பித்த உடனே, மிஷினில் யார் உட்கார்ந்திருந்தாலும் சத்தத்தை நிறுத்த வேண்டும். வைஷ்ணவிக்கும் அது விரலில் ஏறிய பழக்கம். ஆனால் இந்த வாரம் அந்த விரல் அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பாங்கு நடுவில், தெருவே கேட்கும்படி மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு. நேற்று சாயங்காலம் அஸர் பாங்கில் ஒரு தடவை. இன்று மத்தியானம் லுஹர் பாங்கிலும். இன்று அதைத் தாஹா படம் பிடித்துவிட்டான்.

"பாட்டு, பாங்கு, இவ மூஞ்சி, மூணும் ஒரே வீடியோவுல இருக்கு," என்று போனை ஆட்டினான். "தெரு குரூப்புல போட்டேன்னா நாளைக்கு வையம்பட்டி வரைக்கும் போகும். அத்தா சொன்னதுக்காகத்தான் அனுப்பாம வெச்சிருக்கேன்."

அது என்ன தலைப்போடு ஊர் சுற்றும், அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் என்னவெல்லாம் எழுதுவார்கள் என்று ஹஃப்ஸாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்த ஊரிலும் நிம்மதியாகப் பஸ் ஏற முடியாது. ஒரு பாட்டுக்காக இரண்டு ஊர் முறைத்துக்கொண்டு நிற்கும்.

"நீ சொல்லும்மா," என்றாள்.

"பாங்கு ஆரம்பிச்சதுமே அமுக்கினேன் மேடம். பாட்டு நின்னுச்சு. ரெண்டு மூச்சு விட்டிருப்பேன், தானா பாட ஆரம்பிச்சிடுச்சு. பதறிப்போயி மறுபடி அமுக்கினேன். அதுக்குள்ள தெருவுல கத்த ஆரம்பிச்சிட்டாங்க."

"எதை அமுக்கினே?"

வைஷ்ணவி கீபோர்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய எஃப் 12 கீயைக் காட்டினாள்.

பிச்சை குனிந்து பார்த்தான். "வால்யூம் கீ தனியா இருக்கே. அது என்ன, அழகுக்கா?"

அழகுக்குத்தான். இந்த மிஷின் ஓடுவது லினக்ஸ் என்ற சாஃப்ட்வேரில். கீபோர்டின் வால்யூம் கீகளை அது ஆரம்பத்திலிருந்தே மதிக்கவில்லை. அதனால் மிஷினை அமைத்த ஆள் எஃப் 12-இல் ஒரு கட்டளையைக் கட்டி வைத்திருந்தார். அமுக்கினால் அது நேராகச் சவுண்டு கார்டிடமே போகும், ஸ்பீக்கர் ஊமையாகும். மறுபடி அமுக்கினால் வாய் திறக்கும். வேறு கடையில் எஃப் 12-ஐ அமுக்கினால் ஒரு ஈ கூடப் பறக்காது.

"கீ ஒட்டிக்கிட்டு ரெண்டு தடவை விழுந்திருக்கும்," என்றான் பிச்சை.

"நேத்தே புது கீபோர்டு மாத்தியாச்சு," என்றான் தாஹா. "ஸ்டிக்கர் மட்டும்தான் பழசு. வந்துட்டாரு பெரிய இன்ஜினியர்."

"பெரிய இன்ஜினியர்னா இங்க ஏன் வரேன், திருவெறும்பூர் ஃபேக்டரி கேன்டீன்ல சாப்பிட்டுக்கிட்டிருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஹஃப்ஸா பஷீரைப் பார்த்தாள்.

"பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு வரைக்கும் டைம் கொடுங்க பாய். அதுக்குள்ள நான் சொல்லலைன்னா உங்க இஷ்டம்."

"நீங்க யாரு பக்கம்மா? பணம் கொடுக்குறது நான்."

"அதனாலதான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். இல்லேன்னா கேக்க மாட்டேன்."

பஷீர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதரிடம் அதுதான் சம்மதம்.

ஹஃப்ஸா வைஷ்ணவியை டீ குடிக்க என்று எதிர்ச்சாரிக்குக் கூட்டிப் போனாள். அங்கிருந்து பார்த்தால் கடை போர்டு முழுசாகத் தெரிந்தது. 'பஷீர் அண்டு' வரை பெயிண்ட் வெளுத்திருந்தது. 'சன்' மட்டும் புதுசு. அந்தக் குட்டிச் சொல்லுக்கு அங்கே இடம் தாராளம். மிச்ச இடத்தை அடைக்க இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று ரோஜாப்பூ வரைந்திருந்தார்கள். வீடியோ கடைக்கு எதற்கு இத்தனை பூ என்று ஹஃப்ஸா மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு அஸர் பாங்குக்கு நீ கீயைத் தொடக் கூடாது," என்றாள்.

வைஷ்ணவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "பாட்டு நிக்கலைன்னா என்னை அடிச்சே கொன்னுடுவாங்க மேடம்."

"நிக்கும்."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா நானும் மேடமும் ஓடுவோம்," என்றான் பிச்சை. "நீயும் வா. நம்ம ஸ்கூட்டர்ல மூணு பேர் போகலாம்."

அஸர் நேரம் நெருங்கியபோது கடை வாசலில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். தாஹா சொல்லி வைத்த ஆட்கள். சண்டை வரும் என்றால் பாலக்கரையில் பார்வையாளர்களுக்குப் பஞ்சமே கிடையாது. உள்ளே வைஷ்ணவி ஒரு கல்யாணப் பாட்டை ஓடவிட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். பிச்சை சாவி விழுந்துவிட்டது என்று மேஜைக்கு அடியில் புகுந்தவன் வெளியே வரவேயில்லை.

பாங்கு ஆரம்பித்தது.

ஹஃப்ஸாவின் கை தன்னிச்சையாகத் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டது. பாட்டு நிற்கவில்லை. வைஷ்ணவி இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"பாத்தீங்களா அத்தா, பாத்தீங்களா," என்று தாஹா போனை இரண்டு கையாலும் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே கத்தினான். "நிறுத்துடி."

வாசலில் நின்றவர்களில் ஒருவன் படியேறினான். பஷீரின் முகம் கறுத்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கணக்கு தப்பிவிட்டதோ என்று நினைத்து ஹஃப்ஸா வைஷ்ணவிக்கு முன்னால் போய் நின்றாள்.

அப்போது பாட்டு நின்றது.

"இப்ப அமுக்கிட்டா. கத்தினதும் அமுக்கிட்டா," என்றான் தாஹா.

மேஜைக்கு அடியிலிருந்து பிச்சை எழுந்தான். அவன் கையில் கீபோர்டின் ஒயர் முனை இருந்தது. மிஷினிலிருந்து அதை அவன் பிடுங்கி வெகு நேரமாகியிருந்தது. செத்த எலியைத் தூக்கிக் காட்டுவதுபோல அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். ஏதோ சொல்லவும் வாயெடுத்தான். ஹஃப்ஸா உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கினாள். பஷீரின் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தாள். தாஹாவும் வைஷ்ணவியும் பிச்சையும் பின்னால் வந்தார்கள்.

"கீபோர்டே இல்லாம எப்படிம்மா நின்னுச்சு?" பஷீரின் குரலில் கோபம் இருந்தது, ஆனால் யார்மேல் என்று அதற்கே தெரியவில்லை.

"எஃப் 12 சுவிட்ச் மாதிரி பாய். ஒரு அமுக்கு, ஊமை. இன்னொரு அமுக்கு, பேச்சு. நேத்தும் இன்னைக்கு மத்தியானமும் இவ ஒரு தடவை அமுக்கினா. வேற ஒரு விரலும் அதே பாங்குக்கு மரியாதை செய்ய ஒரு தடவை அமுக்குச்சு. ரெண்டு மரியாதையும் சேர்ந்து பாட்டாயிடுச்சு. இப்ப இவ அமுக்கல. அந்த விரல் மட்டும் அமுக்குச்சு. ஒழுங்கா நின்னுடுச்சு."

"எந்த விரல்? கடையில யாரும் இல்லையே."

"கடையில இல்ல. ஆனா நம்ம பள்ளிவாசல் பாங்கைக் கேட்டுத்தான் அமுக்கியிருக்கு. எதுல கேட்டிருக்கும்?"

பிச்சை கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். மேஜையில், வீடியோவுக்குக் குரல் கொடுக்க வைத்திருந்த மைக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் கல்யாண வீட்டுக்காரர்கள் உட்காரும் நாற்காலிகள்.

"அட," என்றான். "ஆர்டரும் அந்த வழியாத்தான் நடந்து போயிருக்கு."

"என் கடையில உக்காந்து எனக்கே கதை சொல்றீங்களா?" என்றார் பஷீர்.

"கதையில்ல. வாங்க, காட்டுறேன். உள்ள யாரும் பேசக் கூடாது."

ஹஃப்ஸா ஒயரைச் செருகிவிட்டு மேஜையில் உட்கார்ந்தாள். லினக்ஸில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மைக்கையும் ஸ்பீக்கரையும் அதுவே திறந்துவிடும்; தனி அனுமதி வேண்டாம். வெளியூரில் இருந்துகொண்டு நெட் வழியாக நுழைகிறவருக்குத்தான் வேண்டும். அவர் பெயரை 'ஆடியோ' என்கிற குழுவில் சேர்த்து வைத்திருந்தால் ஒழிய, அவருக்கு இந்த மிஷின் செவிடு, ஊமை. வீட்டில் இருப்பவனுக்குச் சாவி எதற்கு? சாவி கேட்பவன் வெளியே இருக்கிறவன்தான்.

அந்தக் குழுவில் யார் என்று ஹஃப்ஸா ஒரு வரி தட்டிக் கேட்டாள். திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது.

தாஹா.

பஷீர் அதைப் படித்தார். மகனைப் பார்த்தார். தெருவுக்கு வந்ததும் அவர் கை ஓங்கியது.

"அத்தா, சத்தியமா எனக்குத் தெரியாது. அந்தப் பேர்ல நான் ஒரு நாள் கூட உள்ள போனதில்ல," என்று தாஹா பின்வாங்கினான். இத்தனை நேரம் இருந்த நீதிபதி போன இடம் தெரியவில்லை.

"அடிக்கணும்னா வேற காரணத்துக்கு அடிங்க பாய். நிறைய இருக்கும்," என்றாள் ஹஃப்ஸா. "விரல் அமுக்கினப்ப இவரு ரெண்டு கையாலயும் போனைப் பிடிச்சிருந்தாரு. அவரு எடுத்த வீடியோவே சாட்சி. யாரோ இவரு பேர்ல உள்ள வராங்க. எஃப் 12 தெரிஞ்சவங்க. பாங்குன்னா விரல் தானா போற அளவுக்கு இந்தக் கடையில உக்காந்தவங்க. இந்த மிஷினை செட் பண்ணது யாரு?"

பஷீர் கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

"யாரு பாய்?"

"அந்தப் பேரை இந்தக் கடையில யாரும் சொல்றதில்ல."

தாஹாவின் கண் ஒரே ஒரு தடவை மேலே போர்டுக்குப் போய்விட்டு இறங்கியது. ஹஃப்ஸா அதைப் பார்த்துவிட்டாள்.

"சரி, சொல்ல வேண்டாம். மஃரிப் வரைக்கும் மேஜைக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு கல்யாணத்தைப் பத்திப் பேசிக்கிட்டே இருங்க."

"பொய் பேச எனக்கு வராது."

"அப்ப உண்மையான கல்யாணத்தைப் பேசுங்க. வைஷ்ணவி, ஸ்பீக்கரைத் திறந்து வெச்சுடு, ஆனா பாட்டு எதுவும் போடாதே. பாங்கு ஆரம்பிச்சதும் எனக்கு மிஸ்டு கால் கொடு."

"மஃரிப் தாண்டினா வீடியோவை அனுப்பிடுவேன்," என்றான் தாஹா. பயம் தெளிந்ததும் பழைய திமிர் திரும்பிவிட்டது. "யாரு விரலா இருந்தா என்ன, நாற்காலியில உக்காந்திருந்தது இவதானே."

இப்படிப்பட்டவர்களுக்குச் சாட்சி காட்டுவது வீண். வேண்டியது குற்றவாளியின் வாய். ஆர்டர் போய்ச் சேருகிற ஸ்ரீரங்கத்துக்குப் போக, ஹஃப்ஸா ஸ்கூட்டரில் பிச்சைக்குப் பின்னால் ஏறினாள்.

மெயின்கார்டு கேட் நெரிசலில் அரை உயிர் போயிற்று. காவிரிப் பாலத்தில் ஒரு மணல் லாரி மிச்ச உயிரையும் கேட்டது.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். திருடும்போது கூட பாங்குக்கு மரியாதை செய்யிற திருடனை நாம பிடிக்கத்தான் வேணுமா?"

"அந்த மரியாதையாலதான் ஒரு பொண்ணு அழுதுக்கிட்டிருக்கா. வேகமா போ."

அழகிரி டிஜிட்டல் ராஜகோபுரத்துக்கு எதிரே மாடியில் இருந்தது. அழகிரி வாய் நிறையச் சிரித்தார். கண் மட்டும் வந்தவர்களின் சட்டையை எடை போட்டது.

"எனக்குத்தான் சார் கல்யாணம்," என்றான் பிச்சை. "இவங்க எங்க ஆபீஸ் மேடம்."

"ரொம்ப சந்தோஷம். தேதி?"

"பொண்ணு கிடைச்சதும் சார்."

அழகிரியின் சிரிப்பு அங்கேயே நின்றது. "விளையாட வந்தீங்களா?"

"எடிட்டிங் எப்படிப் பண்றீங்கன்னு பாத்துட்டுத்தானே சார் பொண்ணு தேடணும்."

அவர்கள் பேசட்டும் என்று ஹஃப்ஸா எடிட்டிங் அறையின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். கதவு அடைத்த ஏசி அறை. கோயில் மணியே உள்ளே நுழையாது. பாலக்கரைப் பாங்கு எப்படி நுழையும்? முதுகு உயர்ந்த மூன்று நாற்காலிகள். மூன்றிலும் ஹெட்போன் மாட்டிய தலைகள். பின்னாலிருந்து பார்த்தால் தலை உச்சியும் கைகளும் மட்டுமே தெரிந்தன.

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி மங்கியது. ஹஃப்ஸாவின் கையில் போன் அதிர்ந்தது. வைஷ்ணவி.

இடது நாற்காலிக் கை மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தது. வலது நாற்காலிக் கை காதைச் சொறிந்தது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

நடு நாற்காலியிலிருந்து ஒரு விரல் போய் கீபோர்டின் மேல் வரிசையில், வலது கோடியில் அமுக்கியது. இன்னொரு கை தோளில் கிடந்த துப்பட்டாவை இழுத்துத் தலையில் முக்காடு போட்டது.

ஒரு சத்தமும் இல்லாத அறையில், யாருக்கும் கேட்காத பாங்குக்கு.

ஹஃப்ஸா கதவைத் திறந்து உள்ளே போனாள். நடு நாற்காலியைப் பிடித்துத் திருப்பினாள். முப்பது வயதுப் பெண். பஷீரின் அதே மூக்கு, அதே முறைப்பு.

"'அண்டு டாட்டர்'னு இருந்த இடத்துல 'சன்'னு எழுதினா நாலு பூ வரைஞ்சாத்தான் இடம் அடையும்," என்றாள் ஹஃப்ஸா. "உங்க பேர் மட்டும் தெரியல."

அந்தப் பெண் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "ருக்ஸார். அத்தா அனுப்பினாரா?"

"உங்க பேரைச் சொல்லக் கூட அவருக்கு வாய் வரல."

"வராது. மிஷின் வாங்கினது நான். லினக்ஸ் போட்டது நான். வால்யூம் கீ வேலை செய்யலன்னு உக்காந்து எஃப் 12-ல கொண்டு வந்து கட்டினது நான். படிப்பை முடிக்காம ஊர் சுத்திட்டு வந்தான் தம்பி. ஒரே நாள்ல பெயிண்டரைக் கூப்பிட்டு போர்டை மாத்தினாரு. 'நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ'ன்னாரு. அன்னைக்கு வெளிய வந்தவதான்." ருக்ஸாரின் குரல் ஏறிக்கொண்டே போனது. "ஆமா, கேட்டேன். தம்பி பேர்லயே நுழைஞ்சு கேட்டேன். அவன் பேரைத்தானே அவருக்குப் பிடிக்கும்."

"ஆர்டரையும் கொடுத்தீங்க."

"கொடுத்தேன். அந்தக் கடை என் கடை. அதுல போயி ஒருத்தியை உக்கார வெச்சாரு பாருங்க, பாங்கு சொல்லும்போது பாட்டு போடுறா. என் ரெண்டு காதால கேட்டேன். நான் உக்காந்திருந்த நாற்காலி அது."

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"எப்ப?"

"பாங்கு கேட்டதும்."

"மியூட் பண்ணேன். கை அதுவா போகும்."

"எந்த மிஷினை?"

ருக்ஸார் திரையைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் திறந்திருந்தது ஸ்ரீரங்கத்து ஜன்னல் அல்ல. தாஹா பெயரில் நுழைந்த பாலக்கரை மிஷின். அதன்மேல் நின்றுகொண்டு எதை அமுக்கினாலும் அங்கேதான் விழும். அவள் விரல் சூடு பட்டதுபோல் கீபோர்டை விட்டு விலகியது.

"நேத்தும் இன்னைக்கு மத்தியானமும் அவ நிறுத்தினா," என்றாள் ஹஃப்ஸா. "நீங்க திறந்தீங்க. பாங்கு மேல பாட்டைப் போட்டது உங்க விரல்."

இத்தனை நேரம் இருந்த முறைப்பு கலைந்து, ருக்ஸாரின் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் ஆகிவிட்டது. ஹஃப்ஸாவுக்கு இரக்கம் வந்தது. அதைக் காட்ட நேரமில்லை. ஹெட்போன் ஒயரை மிஷினிலிருந்து பிடுங்கினாள். பாலக்கரை அந்த அறைக்குள் வந்து இறங்கியது.

"பாங்கு முடிஞ்சுது அத்தா. யாரும் வரல. அனுப்பிடறேன்." தாஹாவின் குரல்.

"அண்ணே, வேணாண்ணே. எங்க ஊர்ல பார்த்தாங்கன்னா..." கெஞ்சினாள் வைஷ்ணவி.

"நீங்க கேக்குற வழியில பேசவும் முடியும்," என்றாள் ஹஃப்ஸா. "மைக்குக்கு மட்டும் இல்ல, ஸ்பீக்கருக்கும் அனுமதி வாங்கி வெச்சிருக்கீங்க."

"பேசினா இங்க என் வேலை போயிடும்."

கதவருகில் அழகிரி வந்து நின்றிருந்தார். "இதுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. இந்தப் பொண்ணு என்ன செஞ்சுதுன்னே எனக்குத் தெரியாது."

"ஆர்டர் எல்லாம் பாலக்கரையிலேருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு தானா வந்துச்சுங்களா சார்?" என்றான் பிச்சை.

ருக்ஸார் அழகிரியைப் பார்த்தாள். கூட நிற்பார் என்று நினைத்த ஆள் இத்தனை சுலபமாகக் கழன்றுகொண்டதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பாலக்கரை ஸ்பீக்கரைத் திறக்க எஃப் 12-ஐ அமுக்கினாள். தன் மேஜை மைக்கை இழுத்து வாய்க்கு நேரே வைத்துக்கொண்டாள்.

"அத்தா."

பாலக்கரையில் ஒரு நாற்காலி பின்னால் உருண்டு எங்கோ மோதியது.

"அத்தா, அந்தப் புள்ள மேல தப்பு இல்ல. அமுக்கினது நான். இங்கேருந்து. நான்தான் கேட்டுக்கிட்டிருந்தேன், ஆர்டரைச் சொன்னதும் நான்தான். டேய் தாஹா, அந்த வீடியோவை அழிடா."

ருக்ஸார் காத்திருந்தாள். வெகு நாளாகக் காத்திருந்தவள் என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. திட்டட்டும், சபிக்கட்டும், ஏதாவது ஒன்று.

காலடிச் சத்தம் மேஜையை நோக்கி வந்தது. கம்ப்யூட்டரில் பஷீர் அகமதுவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கீ. டக் என்று அதை அமுக்கினார்.

"அத்தா," என்று ருக்ஸார் மறுபடி கூப்பிட்டாள். அது ஸ்ரீரங்கத்தைத் தாண்டவில்லை. மகளின் வாயை அவர் மூடிவிட்டார்.

ஆனால் எஃப் 12 மூடுவது ஸ்பீக்கரைத்தான். மைக்கை அல்ல. பஷீருக்கு அது தெரியாது. மகள் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவர் பேசினார்.

"தாஹா, அழி. அழிச்சுட்டு அந்தப் புள்ளைக்கிட்ட காட்டு. வைஷ்ணவி, தப்பு என் மேல. முகத்தைக் கழுவிட்டு வாம்மா."

செருப்பு மாட்டும் சத்தம். பிறகு, யாரிடம் என்றில்லாமல்:

"குரல் ஏன் இப்படிக் கம்மிக் கெடக்கு அவளுக்கு? ஏசியில உக்காந்தா ஒத்துக்காதே."

ருக்ஸார் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஜமாத் தொழுகை தப்பிடும், போயிட்டு வரேன். கடையைப் பூட்டிடாதே தாஹா."

"எதுக்கு அத்தா?"

கண்ணாடிக் கதவு திறந்து மூடியது.

"இவ்வளவு நாள் கேட்டதுக்கு அவருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்," என்றாள் ஹஃப்ஸா. "இதுக்கு மேல கேக்காதீங்க."

ருக்ஸார் பாலக்கரை ஜன்னலை மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அழகிரி ஏதோ சொல்ல வந்தார். அவரைக் கதவைப் போல ஒதுக்கிவிட்டுப் படி இறங்கினாள்.

பிச்சை பின்னாலேயே ஓடினான். "ஸ்கூட்டர் இருக்குங்க. மூணு பேர் போகலாம்."

"வேணாம்," என்றாள் ருக்ஸார், திரும்பிப் பார்க்காமலேயே. "பாலக்கரைக்குப் பஸ் எனக்குத் தெரியும்."